ஹிம் அண்ணனின் கறுப்பு

ஃப்ரீசரிலிருந்து வழிந்த தண்ணீர் சமையற்கட்டைத் தாண்டி, கல்லா மேசையின் கால்கள் வரைக்கும் வந்திருந்தது. பாங் மாஸ்டர் அதன் நடுவில் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டு, உருகித் தொளதொளத்துக் கிடந்த கோழி இறக்கைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதம். இரவெல்லாம் கதவு திறந்து கிடந்தால் மாட்டிறைச்சி என்ன ஆகும் என்று மூக்குள்ள யாரும் சொல்லிவிடலாம். கல்லாவில் உட்காரும் கியூ அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். காய் நறுக்கி, பாத்திரம் கழுவும் லான் வந்து சேர்ந்தபோது மணி ஆறேமுக்கால். உள்ளே காலெடுத்து வைத்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஃப்ரீசர் கதவை வெறுமனே தள்ளினால் சாத்தாது. குதிகாலால் கீழ்மூலையில் ஓர் உதை விட்டு, டொக் என்று சத்தம் கேட்ட பிறகுதான் அங்கிருந்து நகர வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அவள் அப்படித்தான் செய்து வந்தாள். நேற்று மட்டும், மாமனார் குளியலறையில் விழுந்துவிட்டார் என்று வீட்டிலிருந்து போன் வந்ததும், ஒரு கையால் கதவைத் தள்ளிவிட்டு மறுகையால் பையை எடுத்துக்கொண்டு மினிபஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தாள். டொக் கேட்டதா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. கேட்டிருக்காது.

"நேத்து கடைசியா உள்ள இருந்தது யாரு?" என்றார் பாங் மாஸ்டர், யாரையும் பார்க்காமல்.

லானுக்கு வயது ஐம்பத்திரண்டு. புருஷனுக்கு முதுகெலும்பு போய் மூன்று வருஷம். மாமனார் அப்போதுதான் இடுப்பில் கட்டோடு படுத்திருந்தார். இதையெல்லாம் அவள் அந்த நொடியில் வரிசையாக யோசித்தாள் என்று சொல்ல முடியாது. வாய் முந்திக்கொண்டது. மேசைகளின் மேல் கவிழ்த்திருந்த நாற்காலிகளைச் சத்தமில்லாமல் இறக்கிப் போட்டுக்கொண்டிருந்த பரிசாரகர் ஹிம் அண்ணனை அவள் கண் பிடித்தது.

"நேத்து பூட்டினது யாரா இருந்தா என்ன மாஸ்டர். இன்னைக்கு வந்து தொறந்தது யாரு, அதைக் கேளுங்க. போன வாரம் லிஃப்ட்ல ரெண்டு மணி நேரம் மாட்டினது இதே அண்ணன். முந்தாநாள் சாப்பிட வந்த அந்தம்மா மடியில சூப்பைக் கவுத்தது இதே அண்ணன். இப்ப அவருக்குக் கறுப்பு நேரம். தச்சன் நூல் தோய்க்கிற மைக்கூடே தோத்துடும் போங்க."

எங்கள் ஊரில் ஒருவனுக்கு நேரம் சரியில்லையென்றால் அவனைக் கறுப்பு என்போம். ஆள் எத்தனை வெளுப்பாக இருந்தாலும் கறுப்புதான். ஹிம் அண்ணன் வேகவைத்த சோற்று உருண்டை மாதிரி வெள்ளையாக இருப்பவர் என்பதால் சிரிப்பு இன்னும் கூடுதலாக வந்தது. முதலில் கியூ அக்கா கைக்குட்டைக்குள்ளேயே சிரித்தாள். பாங் மாஸ்டர் சிரிக்கக் கூடாது என்று பார்த்து, முடியாமல் சிரித்தார். ஹிம் அண்ணனே தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்து, "ஆமாம்மா, கை அப்படி" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை இறக்கப் போனார். பூட்டியது யார் என்ற பேச்சு, திறந்தது யார் என்ற பேச்சாக மாறி, ஏழு மணிக்கு முதல் வாடிக்கையாளர் வந்து பால் டீ கேட்டதோடு முடிந்தும் போனது. லான் தரையைத் துடைத்தாள். அன்று அவள் வழக்கத்தைவிட நன்றாகவே துடைத்தாள்.

கடைக்குப் பெயர் நெடும்பேறு உணவகம். டோ குவா வான் பேட்டையில், படகுத்துறைக்குப் போகும் சாலையில், டயர் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில் பதினோரு மேசைகளோடு இருந்தது. முதலாளி செடோ அந்தப் பெயரை நல்ல நாள் பார்த்து வைத்தவர். பல் தேய்க்கப் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். முடி வெட்ட, அடுப்பை நகர்த்த, எலிக்கு மருந்து வைக்க எல்லாவற்றுக்கும் பார்ப்பார். அப்படிப்பட்டவர் காதில் ஹிம் அண்ணனின் கறுப்பு விழ இரண்டு நாள்தான் ஆயிற்று.

வார்த்தை வெளியே போகும்போது யாருடையது என்று எழுதியா அனுப்புகிறார்கள். ஒரு வாரத்தில் அது கடை முழுதுக்கும் சொந்தமாகிவிட்டது. செப்டம்பர் புயலில் கடைப் பலகையின் மேல்பாதி கழன்று தொங்கியது. அந்தத் தெருவில் இன்னும் பதினைந்து பலகைகள் கழன்றன, ஆனால் நெடும்பேறின் பலகை மட்டும் ஹிம் அண்ணனால் கழன்றது. சுகாதார அதிகாரிகள் அவர் தரை துடைத்த நாளாகப் பார்த்து வந்தார்கள். காபி மெஷின் அவர் பக்கத்தில் நின்றபோது நின்றது. "திரும்பின பக்கமெல்லாம் கறுப்புல முட்டுது இந்தாளுக்கு" என்று பாங் மாஸ்டர் சொல்ல ஆரம்பித்தார். கியூ அக்கா இன்னும் ஒருபடி மேலே போய், வால்நட்சத்திரத்தைத் துடைப்பம் என்று சொல்லும் பழைய வழக்கத்தில் அவரைத் துடைப்ப நட்சத்திரம் என்றாள். அது பெண்களைத் திட்டும் சொல் என்று யாரோ சொன்னதற்கு, "கறுப்புல ஆம்பளை என்ன பொம்பளை என்ன" என்றாள். தினம் மூன்றாம் மேசையில் உட்கார்ந்து குதிரைப் பந்தயத் தாளை விரிக்கும் டாக்சிக்கார யாவ் கிழவர் அவருக்கு விளக்கு என்று பெயர் வைத்தார். அது மரியாதை இல்லை. கடலில் பாறை எங்கே இருக்கிறது என்று விளக்கு காட்டிக்கொடுக்குமே, அதனால்.

"விளக்கு, இன்னைக்கு உனக்கு எந்தக் குதிரை புடிச்சிருக்கு?"

"அஞ்சு நல்லா ஓடும்னு தோணுது."

யாவ் கிழவர் பேனாவை எடுத்து ஐந்தாம் எண்ணை அடித்துவிட்டு, "நீ நூறு வருஷம் இருக்கணும்ப்பா" என்பார். சுற்றி இருக்கிற மேசைகளிலும் நான்கு பேனாக்கள் ஐந்தை அடிக்கும். ஹிம் அண்ணன் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப் போவார். பிறந்தநாளுக்கு, ஆயுள் நீள வேண்டுமென்று நீள நூடுல்ஸ் கேட்டு யாராவது வந்தால், அந்தக் கிண்ணத்தை எடுத்துப் போகக் கியூ அக்காவே கல்லாவிலிருந்து எழுந்து வருவாள். ஹிம் அண்ணன் சுவரோரமாக ஒதுங்கி அவளுக்கு வழி விடுவார். அப்படி ஒதுங்குவதற்கு அவரை யாரும் சொல்லவில்லை. அவராகவே கற்றுக்கொண்டது அது.

லான் மட்டும் அந்த முதல் நாளுக்குப் பிறகு அவரைக் கறுப்பு என்று கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக எண்ண ஆரம்பித்தாள். வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. ஒரு வியாழன் சோறு அடிப்பிடித்தது. இன்னொரு வியாழன் கண்ணாடித் தம்ளர் அடுக்கு மொத்தமாகச் சரிந்து, முப்பத்தாறு தம்ளரில் நான்குதான் தேறியது. மூன்றாவது வியாழன் கியூ அக்கா வாசற்படியில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். "பாத்தீங்களா, இன்னைக்கு அண்ணன் ஊர்லயே இல்ல" என்று லான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்த கியூ அக்கா, "நேத்து சாயங்காலம் இந்தப் படியில உக்காந்து ஷூ மாட்டினாரே, நீ பாக்கலையா?" என்றாள். ஒரு ஆளைக் கறுப்பு என்று முடிவு கட்டியாயிற்றென்றால் அவன் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான் என்று லானுக்கு அன்று விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. தம்ளர் அடுக்கை இடித்தது பாங் மாஸ்டரின் முழங்கை. சோற்றை மறந்தது அவர் பார்த்துக்கொண்டிருந்த போன். ஹிம் அண்ணன் கறுப்பாக இருப்பது அவள் ஒருத்திக்கு மட்டும் சௌகரியம் இல்லை, கடையில் எல்லோருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. யாரும் யாரையும் கடிந்துகொள்ளாமல், இத்தனை ஒற்றுமையாக அந்தக் கடை எப்போதும் நடந்ததில்லை.

சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் பிறந்ததும் கியூ அக்கா ஒருநாள் பீன்ஸ் நார் உரிக்க லான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்லாக்காரி பீன்ஸ் உரிக்க வந்தால் அதில் சேதி இருக்கும்.

"கட்டடக்காரன் வாடகையை ஏத்திட்டான். முதலாளி நேத்து முழுக்க மேல பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. ஒரு ஆளைக் குறைச்சாத்தான் கடை நிக்கும்னாரு."

"யாரை?"

கியூ அக்கா உரித்த பீன்ஸை ஒடித்துக் கூடையில் போட்டாள். "கேக்கணுமா அதை?"

லானுக்குக் கை நின்றுவிட்டது. ஹிம் அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகாதவர். பலகைத் தடுப்பு வைத்த ஓர் அறையில் கட்டில், மின்விசிறி, ஒரு வானொலியோடு இருப்பவர். இந்தக் கடையை விட்டால் அந்த வயதில் எந்தக் கடை அவருக்குத் தட்டு கொடுக்கும். அதுவும் டோ குவா வான் முழுக்க அவர் பேர் பரவியிருக்கும்போது. அவரைப் போன வருஷம் அனுப்பியிருந்தால் அது வாடகையின் வேலை. இந்த வருஷம் அனுப்பினால் அது லானின் வேலை. இப்படி அவள் தனக்குள் நேராகவே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால், முதலாளியிடம் போனாள். செடோ ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று, வாசல் நிலையில் புத்தாண்டுச் சிவப்புத் தாளை நீவி ஒட்டிக்கொண்டிருந்தார். பசைக் கிண்ணத்தை அவளிடம் நீட்டி, "இதைப் பிடி" என்றார். அவள் பிடித்தாள்.

"முதலாளி, ஒரு விஷயம். ஆகஸ்ட்ல ஃப்ரீசர் கெட்டுப்போய்..."

"ஏய்." அவர் கை பாதியில் நின்றது. "பேறு வரணும்னு எழுதி ஒட்டிக்கிட்டிருக்கேன், கீழ நின்னு கெட்டது போனதுன்னு பேசறே. துப்பு. துப்பிட்டு வேற பேசு."

"இல்ல முதலாளி, இது சொல்லியே ஆகணும். அன்னைக்கு அந்தக் கதவு..."

"துப்புன்னேன்ல."

அவள் தெருப்பக்கம் திரும்பித் துப்பினாள். துப்பிய பிறகு சொல்ல வேண்டியது நல்ல சொல்லாக இருக்க வேண்டும். அதுதான் முறை. முதலாளி முக்காலியின் மேலிருந்து காத்துக்கொண்டிருந்தார். கோபமாகக் கூட இல்லை, மருந்து குடித்த குழந்தை வாயைத் திறந்து காட்டக் காத்திருப்பது போலக் காத்திருந்தார்.

"எல்லாம் நல்லபடியா அமையணும்" என்றாள் லான்.

"ம். அப்படிச் சொல்லு. புத்தாண்டு பொறந்து பதினஞ்சு நாள் ஆகற வரைக்கும் இந்த வாசல்ல கெட்ட பேச்சு ஒண்ணும் வேண்டாம். எதுவா இருந்தாலும் புத்தாண்டு விருந்து முடியட்டும்." பசையைத் தொட்டுக்கொண்டு அவர் மறுபடி தாளை நீவினார். ஆளை அனுப்புவதே அந்த விருந்தில்தான், அது முடிந்த பிறகு சொல்லி என்ன பயன் என்று அவரிடம் எப்படிக் கேட்பது. அவள் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். பசை கை நகத்தில் காய்ந்து, மத்தியானம் வரைக்கும் விட்டது, ஒட்டியது.

அன்று மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில், பின்சந்தில் ஹிம் அண்ணன் கவிழ்த்துப் போட்ட பால் கூடையின் மேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். லான் எச்சில் வாளியைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றாள். அவரிடமே சொல்லிவிடலாம் என்றுதான் நின்றாள். அவர் தோள்பையில் கெட்ட நேரத்தைத் திருப்பும் என்று கோயிலில் விற்கும் வண்ணக் காகிதக் காற்றாடி ஒன்று குத்தியிருந்தது. சந்தில் காற்று இல்லாததால் அது சுற்றவில்லை.

"கோயிலுக்குப் போனீங்களாண்ணே?"

"மூணு கோயிலுக்குப் போயிட்டேன். ஒண்ணுல நேரம் மாற சக்கரத்தை மூணு சுத்து சுத்தச் சொன்னாங்க. நான் ஆறு சுத்தினேன்." அவர் புகையைக் கீழ்ப்பக்கமாக விட்டார். "மொதல்ல வெளையாட்டாத்தான் இருந்துச்சு. நானும் சிரிச்சேன். இப்ப அப்படி இல்லம்மா. காலையில எழுந்திரிச்சதும், இன்னைக்கு யாருக்கு என்ன ஆகப் போகுதோன்னு இருக்குது. எனக்கு ஆனா பரவாயில்ல. அடுத்தவனுக்கு ஆயிடக் கூடாது பாரு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. சும்மா பேசறாங்க."

"நீ நல்ல மனசு, அப்படித்தான் சொல்லுவே. கடையில நீ ஒருத்திதான் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதவ. நான் கவனிச்சிருக்கேன்."

அதை முதலில் சொன்னதே அவள்தான் என்பது அவருக்கு நினைவில்லை. லானுக்கு வெட்கத்தில் காது சூடாகியது. இப்போது சொல், இப்போதே சொல் என்று மனம் அடித்துக்கொள்ள, அவள் வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டாள். "சாப்டேன்" என்றார். அவள் உள்ளே போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். அவளைப் போன்ற கோழையை அவளே அதுவரை பார்த்ததில்லை.

புத்தாண்டின் நான்காம் நாள் கடை திறக்க நல்ல நாள் என்று பஞ்சாங்கம் சொன்னது. அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, வேலைக்காரர்களுக்கு முதலாளியின் விருந்து. எந்தக் கடையிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் செடோ பழைய ஆள். அவர் அப்பா காலத்து முறையை விடாதவர். வேலைக்காரனைப் பார்த்து நாளையிலிருந்து வராதே என்று வாயால் சொல்ல அவருக்கு வராது. அதைச் சொல்லக் கோழி இருந்தது. விருந்தில் கோழித் தட்டை முதலாளி தொடும்வரை யாரும் தொடமாட்டார்கள். யாரும் போக வேண்டாத வருஷமாக இருந்தால் முதல் துண்டைத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு "எடுங்க" என்பார். அப்போதுதான் மேசையில் மூச்சு வரும். அப்படியில்லாமல் முதல் துண்டை அவர் எடுத்து யார் கிண்ணத்தில் வைக்கிறாரோ, அந்த ஆள் அதைச் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, மாலையில் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் உள்ளங்கை அளவு பெரிய தொடைத்துண்டு பழைய கல்லாக்காரர் கிண்ணத்தில் விழுந்ததை லான் பார்த்திருக்கிறாள். அவர் அதை முழுதாகச் சாப்பிட்டார். எலும்பைக்கூட நன்றாகச் சுத்தம் செய்து வைத்தார்.

இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டுச் சிவப்பு பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். கீரையும் உலர்ந்த சிப்பியும் ஒரு தட்டு. முழு மீன் ஒன்று. பன்றிக்கால். நடுவில் கோழி, தலையோடு, வெங்காயத்தாளும் இஞ்சியும் அரைத்த எண்ணெய்க் கிண்ணம் பக்கத்தில். பாங் மாஸ்டர் அன்று புதுச் சட்டை போட்டிருந்தார். கியூ அக்கா எல்லோருக்கும் டீ ஊற்றினாள். ஹிம் அண்ணன் தலை வாரி, கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. எப்போதோ வந்து நிற்கும் பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் தயாராக நிற்கிற ஆளைப் போல உட்கார்ந்திருந்தார். யாருக்கும் கஷ்டம் கொடுக்காமல் முடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் நினைப்பது லானுக்கு எதிரிலிருந்தே தெரிந்தது.

செடோ நல்ல வார்த்தைகள் நாலு சொன்னார். உடம்பு நல்லா இருக்கணும், வியாபாரம் பெருகணும், குழந்தைங்க படிக்கணும். பிறகு சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்துக் கோழித் தட்டின் மேல் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார். அவருக்கும் அது எளிதாக இல்லை. கடைசியில் நெஞ்சுப்பக்கத்துத் துண்டு ஒன்றைப் பார்த்து எடுத்து, இஞ்சி எண்ணெயில் மெல்லத் தோய்த்து, பாங் மாஸ்டரைத் தாண்டி, கையை நீட்டி, ஹிம் அண்ணனின் கிண்ணத்தில் வைத்தார்.

"இத்தனை வருஷம் உழைச்சே" என்றார்.

"நன்றி முதலாளி" என்றார் ஹிம் அண்ணன்.

பாங் மாஸ்டர் மீனைப் பார்த்தார். கியூ அக்கா நிறைந்திருந்த கோப்பையில் மறுபடி டீ ஊற்றி, அது வழிந்து, துடைக்கத் துணி தேடினாள். ஹிம் அண்ணன் குச்சிகளை எடுத்தார். அவர் அந்தத் துண்டைத் தொடுவதற்குள் லான் எழுந்து நின்றுவிட்டாள். எழுந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. மேசைக்குக் குறுக்கே உடம்பை வளைத்து, மார்பில் கீரைக் குழம்பு படப் படக் கையை நீட்டி, அவர் கிண்ணத்திலிருந்து அந்தத் துண்டைத் தன் குச்சிகளால் கவ்வி எடுத்தாள். அப்படி ஒன்றை அந்த மேசையில் யாரும் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. முதலாளி வைத்த கோழியை இன்னொருத்தி எடுத்தால் என்ன செய்வதென்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை.

"லான், அது உனக்கு வெச்சதில்ல" என்றார் செடோ.

"எனக்கு வெச்சதுதான் முதலாளி." அவள் உட்கார்ந்தாள். துண்டு அவள் கிண்ணத்தில் சோற்றின் மேல் இருந்தது. "ஃப்ரீசர் கதவை உதைக்காம போனவ நான். நான்தான் அன்னைக்குக் கடைசி. மாஸ்டர் கேட்டப்ப மாட்டிக்குவேன்னு பயந்து, அண்ணனைக் காட்டி விட்டேன். கறுப்புன்னு மொதல்ல சொன்னதும் நான்தான். அதுக்கு முன்னால அவரை யாரும் அப்படிச் சொன்னதில்ல. வேணும்னா யோசிச்சுப் பாருங்க."

அவர்கள் யோசித்துப் பார்த்தார்கள். பாங் மாஸ்டர் தம்ளர் அடுக்கையும் சேர்த்து யோசித்தாரோ என்னவோ, புதுச் சட்டையின் காலரை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டார். நல்ல நாளில் கெட்ட பேச்சு என்று முதலாளி தடுப்பார் என லான் எதிர்பார்த்தாள். அவர் தடுக்கவில்லை. அவர் ஹிம் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹிம் அண்ணன் தன் கிண்ணத்தின் மேல் குச்சிகளைப் பிடித்தபடியே இருந்தார். அவருக்குக் கோபம் வரும், திட்டுவார், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்ப லிஃப்ட்ல மாட்டினது?" என்றார் அவர்.

"அது லிஃப்ட் பழசுண்ணே. அதுக்கு முந்தின மாசம் மேல் வீட்டுக்காரங்க மாட்டினாங்க."

"சூப்பு?"

"சூப்பு யாரு கையிலயும் சாயும்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சிறிது நேரம் எதையோ உள்ளுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பவர் போல இருந்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல், மேசையில் இருந்த மீனிடம் சொல்வது போலச் சொன்னார். "நவம்பர்ல என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். எங்க வீட்டு மெத்தையில தூங்கி வளந்த புள்ள. தாய்மாமனுக்குன்னு முன்வரிசையில நாற்காலி போட்டு, பேரெல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க. நான் போகல. உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன். என் கறுப்பு போய் அங்க ஒட்டிடக் கூடாதுன்னு." அவர் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தார். "மண்டபத்துக்கு எதிர்ல மருந்துக்கடை இருக்குது. அது வாசல்ல நின்னு, பொண்ணு கார்ல இருந்து இறங்கறதைப் பாத்துட்டு வந்துட்டேன். அவ திரும்பித் திரும்பிப் பாத்தா. என்னைத்தான் தேடினா."

லான் கோழித் துண்டை வாயில் போட்டிருந்தாள். அது ஆறிப்போயிருந்தது. எலும்பையொட்டிய இடத்தில் உப்பு கரித்தது. மென்றாள். விழுங்க வரவில்லை, ஆனாலும் மென்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். மருந்துக்கடை வாசலில் நின்ற மனிதரிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

வெளியே யாரோ பாதி இறங்கிய இரும்புக் கதவுக்கு அடியில் குனிந்து, கடை எப்போது திறக்கும் என்று கேட்டார்கள். கியூ அக்கா "நாலு மணிக்கு" என்றாள். காலடிகள் போய்விட்டன. செடோ இன்னும் குச்சிகளைக் கீழே வைக்கவில்லை. கோழித் தட்டில் ஒரு துண்டு அளவுக்கு வெற்றிடம் விழுந்திருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் இருந்த துண்டைக் கவ்வினார், தூக்கினார், மேசைக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். இஞ்சி எண்ணெய் சிவப்பு விரிப்பின் மேல் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொரு சொட்டு விழுந்தது. அது முதலாளியின் கிண்ணத்துக்கே திரும்புமா, இல்லை யார் கிண்ணத்துக்குப் போகும் என்று பாங் மாஸ்டரும் கியூ அக்காவும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, லான் மட்டும் ஹிம் அண்ணனின் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு இருந்த இடத்தில், வெள்ளைச் சோற்றின் மேல், எண்ணெய் பட்டுச் சிறிய பள்ளம் ஒன்று இருந்தது.